விஸ்வகர்மா வீட்டுக்கு மகள் வந்த நாள்

இல்ல டீச்சர், நோட்டீசுல போட்ட தலைப்புல ஒரு தப்பும் இல்ல. வடிவமைப்பாளருக்குப் புராணம் சொல்லும் பாடம். நல்லாத்தான் போட்டிருக்கீங்க. எம்பேரையும் சன்னாசின்னு சரியா போட்டிருக்கீங்க. பாதிப்பேரு சன்யாசின்னு போட்டு வச்சிடுவாங்க, நான் என்னமோ காவி கட்டிக்கிட்டு மேடையேறப் போற மாதிரி. இது இன்னும் அச்சுக்குப் போகலதானே? அப்ப நல்லதா போச்சு.

உட்காருங்க டீச்சர். அதுல வேணாம், அது ஆடும். இதுல உட்காருங்க. ஊருக்கெல்லாம் டிசைன் போட்டவன் வீட்டுல நாற்காலி ஆடுதுன்னு பார்க்கிறீங்க. அப்படித்தான்லா. கோப்பி குடிக்காம போனீங்கன்னா என் பெண்சாதி வந்து என்னைத்தான் ஏசுவா. அவ கோயிலுக்குப் போயிருக்கா. நானே கலக்கித் தாரேன்.

ஆங்? நீங்களும் அன்னிக்கு வந்திருந்தீங்களா? அந்த மண்டபத்துலயா? மூணு வருசம் ஆச்சு, இன்னும் குறிப்பு வச்சிருக்கீங்களா! அதக் கேட்டுத்தான் உங்க காலேஜ் பிள்ளைங்களுக்கும் பேசணும்னு கூப்பிட வந்திருக்கீங்க. புரியுது.

முடியாதுன்னா விட்டுட மாட்டீங்க போல. சரி, ஏன்னு சொல்றேன்.

அந்தப் பேச்ச நான் இருபது தடவைக்கு மேல பேசியிருப்பேன் டீச்சர். இங்க ஈப்போவுல, தைப்பிங்ல, ஒரு தடவ பினாங்குல. எப்பவும் எங்க தோட்டத்து வீட்டுலேருந்துதான் ஆரம்பிப்பேன். ஞாபகம் இருக்கா? பத்து காஜா பக்கம் ரப்பர் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுனவங்க. லயத்து வீட்டுல அடுப்பு ஒரு மூலையில, சன்னல் இன்னொரு மூலையில. பொகை போறதுக்கு வழியே இல்ல. அம்மா இருமிக்கிட்டே சமைக்கும், நாங்க கண்ணக் கசக்கிக்கிட்டே சாப்பிடுவோம். ஒரே மாதிரி நாப்பது வீடு, நாப்பது வீட்டுலயும் அதே பொகை. இத வரைஞ்ச ஆளு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வந்து எங்கம்மாகிட்ட, அடுப்ப எங்க வைக்கட்டும்னு கேட்டிருந்தா போதும். கேக்கல. அந்தக் கோவத்துலதான் நான் பிளான் வரையிற வேலைக்கே வந்தேன்.

அத சும்மா மேடைக்காகச் சொல்லல டீச்சர். தொழில்ல அப்படித்தான் இருந்தேன். அஞ்சாம் பாரம் முடிச்சிட்டு ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல கோடு போடற வேலைக்குச் சேர்ந்தவன், அப்பறம் சொந்தமா போர்டு மாட்டிக்கிட்டேன். வீடு, குசினி, கிளினிக்கு, கோயில்ல வயசானவங்க ஏறுறதுக்கு சரிவுப் பாதை, எல்லாம் செஞ்சிருக்கேன். ஒரு குசினிக்குப் பிளான் போடணும்னா முதல்ல அந்த வீட்டுக்குப் போயி ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துக்குவேன். அந்த அம்மா சமைக்கிறத அரை நாளு பார்ப்பேன். எந்தக் கையில கரண்டி புடிக்கிறாங்க, எதுக்குக் குனியறாங்க, எந்தக் காலு வலிக்குது. வாயத் தொறந்து கேக்கறதையும் கேப்பேன். சன்னாசிக்கு வேலை குடுத்தா முதல்ல சாப்பாடு போடணும்னு இங்க கேலி பண்ணுவாங்க.

அதுக்கப்பறம்தான் புராணத்துக்கு வருவேன். விஸ்வகர்மா இலங்கையக் கட்டுனாரு, துவாரகையக் கட்டுனாரு, ஒண்ணுலயாச்சும் அவரு குடியிருந்தாரா? இல்ல. கட்டுறவன் ஒருத்தன், இருக்கறவன் இன்னொருத்தன். அதனால கேட்டுட்டுத்தான் கட்டணும். அடுத்தது மயன். பாண்டவங்களுக்கு சபை கட்டுனான். தரை தண்ணி மாதிரி, தண்ணி தரை மாதிரி. துரியோதனன் தரைன்னு நெனச்சு கால வச்சான், தொபுக்குனு தண்ணிக்குள்ள விழுந்தான். எல்லாரும் சிரிச்சாங்க. அங்க நிறுத்திட்டு கூட்டத்தப் பார்த்துக் கேப்பேன், தப்பு யாரு மேலன்னு. பாதிப்பேரு துரியோதனன்னு கத்துவாங்க, சிரிச்சவங்க மேலன்னு பாதிப்பேரு. நான் சொல்லுவேன், விழுந்தவன் மேல தப்பே இல்ல, தரை போட்டவன் மேலதான் தப்புன்னு. நீங்க வரைஞ்ச வீட்டுல ஒருத்தரு வழுக்கி விழுந்தா, பார்த்துப் போகக்கூடாதான்னு கேக்காதீங்க, போயி தரையப் பாருங்க. கைத்தட்டு அள்ளும்லா.

கடைசியா சூரியன். அதத்தான் உங்க பிள்ளைங்களுக்கு முக்கியமா சொல்லச் சொல்றீங்க, இல்லயா? சூரியனோட வெளிச்சம் தாங்க முடியல. விஸ்வகர்மா அவரத் தூக்கி லேத்துல ஏத்துனாரு, எட்டுல ஒரு பங்கு வெளிச்சத்தக் கடைஞ்சு எடுத்தாரு. கீழ விழுந்த சீவல வீணாக்கல. அதுலேருந்து பெருமாளுக்கு சக்கரம், சிவனுக்கு சூலம், முருகனுக்கு வேலு. அளவு மீறிப் போனது எதுவா இருந்தாலும் அத செதுக்கி சரி பண்ணலாம், டிசைனரால முடியாதது எதுவும் இல்லன்னு முடிப்பேன். நீங்க எழுதி வச்சிருக்கறதும் அந்த வரிதானே. ஆமா, அதேதான்.

சக்கரை போதுமா டீச்சர்?

நல்ல கதைதான். ஆனா நான் கதையில பாதியத்தான் சொன்னேன். சூரியன எதுக்கு லேத்துல ஏத்துனாரு, அத நான் சொன்னதே இல்ல. ஒரு வரியில தாண்டிடுவேன், வெளிச்சம் தாங்க முடியலன்னு. யாருக்குத் தாங்க முடியல?

எனக்கு ஒரே பொண்ணு. தினேஸ்வரி. நாங்க தினான்னு கூப்பிடுவோம். அந்தச் சுவத்துல இருக்கே, அது பட்டம் வாங்குனப்ப எடுத்தது. தஞ்சோங் மாலிம்ல கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ள பவித்ரன், இன்ஜினியரு. என்னா ஆளு தெரியுங்களா! உள்ள நுழைஞ்சாருன்னா வீடே வெளிச்சமாயிடும். சிரிச்ச மொகம். கோயில் வேலைன்னா முதல் ஆளு, சாவு வீடுன்னா பந்தல் போடறதுக்கும் முதல் ஆளு. என்னைய மாமான்னு கூப்பிட மாட்டாரு, மாஸ்டர்னுதான் கூப்பிடுவாரு. என் பேச்சு எங்க நடந்தாலும் வந்து முன் வரிசையில உட்கார்ந்துக்குவாரு. எனக்கு ஆம்பளப் பிள்ள இல்லயா, ஒரு மகன் கெடச்ச மாதிரி இருந்துச்சு டீச்சர்.

நீங்க வந்தீங்களே அந்தப் பேச்சு, அது ஞாயித்துக்கிழம. அதுக்கு முந்தின புதன்கிழம காலையில பத்து மணி இருக்கும். இதே மேசையில உட்கார்ந்து பேச்சுக்குப் படம் வரைஞ்சிக்கிட்டிருந்தேன். கேட்டு சத்தம் கேட்டுச்சு. பார்த்தா தினா. ஒத்தப் பை. ரயில்ல வந்திருக்கா. மாப்பிள்ள எங்கம்மான்னேன். வேலைக்குப் போயிருக்காருப்பான்னா.

அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல, நேரா எங்கிட்டதான் வந்தா. என் முன்னால உட்கார்ந்துக்கிட்டு, முடியலப்பான்னா. என்னாம்மா முடியலன்னேன். அவரு ரொம்ப பானாஸ்பா, மூச்சு முட்டுதுப்பா அந்த வீட்டுலன்னா. நம்ம ஊருல சூட்டுக்கும் பானாஸ்தான், கோவக்காரனையும் பானாஸ்னுதானே சொல்லுவோம். எனக்குப் புரியாமலா போச்சு? புரிஞ்சுதான் டீச்சர் இருந்துச்சு. ஆனா கையில பென்சிலு. நாலு நாள்ல பேச்சு. ஆம்பளன்னா கொஞ்சம் பானாஸ் இருக்கத்தாம்மா செய்யும், நீதான் பார்த்து நடந்துக்கணும்னு சொன்னேன்.

கேட்டீங்களா? பார்த்து நடந்துக்கணும்னு சொன்னேன். மயனுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்னு ஊரெல்லாம் பேசுன வாயி.

ரெண்டு நாளு இருந்தா. எதுவும் கேக்கல, ஒழுங்கா சாப்பிடல. காளியம்மா, என் பெண்சாதி, ஒரு மாசம் இங்கயே இருக்கட்டும்னு சொன்னா. நான்தான், ஞாயித்துக்கிழம சொந்தக்காரவங்க எல்லாம் வருவாங்க, எதுக்கு வந்திருக்கான்னு கேப்பாங்க, மாப்பிள்ளையும் முன் வரிசையில வந்து உட்காருவாரு, அசிங்கமா போயிடும்னு சொன்னேன். மாப்பிள்ளைக்கு நானே போன் போட்டேன். அவரு சிரிச்சிக்கிட்டே, ஒண்ணுமில்ல மாஸ்டர், சின்னச் சண்டைதான், நானே வந்து கூட்டிக்கிறேன்னாரு. நீங்க எதுக்கு சிரமப்படறீங்க, நானே கொண்டாந்து விடறேன்னு சொன்னேன். பெருந்தன்மை பாருங்க எனக்கு.

வெள்ளிக்கிழம காடியில ஏத்திக்கிட்டுப் போனேன். ஒண்ணரை மணி நேர ஓட்டம். அவ என் பக்கமா ஒடம்பத் திருப்பி உட்கார்ந்திருந்தா. சும்மா போனா நல்லா இருக்காதுன்னு, ஞாயித்துக்கிழம பேச்ச அவகிட்டயே ஒரு தடவ பேசிப் பார்த்தேன். சின்னதுலேருந்து அவளுக்கு என் பேச்சு புடிக்கும். நானும் லயத்து வீடு, இலங்கை, மயன்னு வரிசையா சொல்லிக்கிட்டே போனேன். தாப்பா ஊரத் தாண்டி சூரியன் கதைக்கு வந்தேன். சக்கரம், சூலம், வேலுன்னு முடிச்சிட்டு எப்படிம்மா இருக்குன்னு கேட்டேன்.

நல்லா இருக்குப்பா, ஆனா அந்தப் பொண்ணு முதல்ல அப்பா வீட்டுக்கு வந்தப்ப, அவரு என்னா சொன்னாருன்னு கேட்டா.

அவளுக்குக் கதை முழுசா தெரியும் டீச்சர். நான்தானே சொல்லிக் குடுத்தவன். விஸ்வகர்மாவோட மகதான் சஞ்ஞை. சூரியனோட பெண்சாதி. அவ சூடு தாங்க முடியாம, தன் நெழல எடுத்து சாயான்னு ஒரு பொம்பளய உண்டாக்கி வீட்டுல வச்சிட்டு, அப்பாகிட்ட ஓடி வந்தா. விஸ்வகர்மா என்னா செஞ்சாரு? உலகத்துக்கே வீடு கட்டிக் குடுத்தவரு, மகள நாலு நாளு வச்சிருந்துட்டு, கல்யாணம் ஆன பொண்ணு அப்பன் வீட்டுல ரொம்ப நாளு இருக்கக்கூடாது, புருசன் வீட்டுக்குத் திரும்பிப் போம்மான்னு சொல்லிட்டாரு. அவ புருசன் வீட்டுக்கும் போகல. குதிரையா மாறி, எங்கயோ குளிரான காட்டுல புல்லு மேஞ்சிக்கிட்டுத் திரிஞ்சா.

நான் அவளுக்கு என்னா பதில் சொன்னேன் தெரியுங்களா? திரும்பிப் போகச் சொன்னாரும்மா, ஆனா அது நம்ம தலைப்புக்குத் தேவையில்லன்னேன்.

சரிப்பான்னா. அவ்வளவுதான். வீடு வந்துச்சு. மாப்பிள்ள வாசல்லயே நின்னாரு. பைய அவரே வாங்கிக்கிட்டாரு.

ஞாயித்துக்கிழம பேசுனேன். நீங்கதான் இருந்தீங்களே. எழுந்து நின்னு கைத்தட்டுனாங்க.

ஆங், குடிங்க டீச்சர், ஆறிடும். இல்ல, நீங்க எதுவும் சொல்ல வேணாம். இன்னும் இருக்கு.

மூச்சு முட்டுதுன்னு சொன்னாளே, அது எனக்கு மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் வேல தெரிஞ்சவனாச்சே! அடுத்த வாரம் ரெண்டு ஆளக் கூட்டிக்கிட்டு தஞ்சோங் மாலிமுக்குப் போனேன். தாமான் குடியிருப்புல வரிசை வீடு, மேற்கு பார்த்த வாசல், மத்தியானத்துக்கு மேல அடுப்பு மாதிரி கொதிக்கும். குசினிச் சுவத்துல மேல ஓட்டை போட்டு காத்து போற பலகை வச்சேன், உறிஞ்சுற காத்தாடி மாட்டுனேன், கூரையில சூட்ட வெளிய தள்ள சுத்துற உருண்டை ஒண்ணு வச்சேன். மாப்பிள்ள லீவு போட்டுட்டு ஆளுங்களுக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தாரு, கூட நின்னு ஏணி புடிச்சாரு. இன்னிக்கு நெனச்சா உடம்பு கூசுது டீச்சர். எம்பொண்ணு மூச்சு முட்டுதுன்னு சொன்னா, நான் போயி காத்தாடி மாட்டிட்டு வந்திருக்கேன்.

இன்னொண்ணும் சொல்லணும். படுக்கை ரூம்பு கதவுல உள்பக்கமா ஒரு தாப்பாள் புதுசா இருந்துச்சு. கோணலா இருந்துச்சு, ஸ்குரு பாதிதான் ஏறியிருந்துச்சு. எனக்கு அப்படி இருந்தா பொறுக்காது. யாரும்மா போட்டதுன்னேன். நான்தாம்ப்பான்னா. என்னாம்மா இது, சன்னாசி மக போட்ட மாதிரியா இருக்குன்னு சிரிச்சிட்டு, கழட்டி, மட்டம் வச்சுப் பார்த்து, நேரா போட்டுக் குடுத்தேன். ஏன் போட்டன்னு கேக்கல. ஊருல ஒரு குசினிக்கு அரை நாளு உட்கார்ந்து கேக்கறவன்.

அப்பறம் எல்லாம் சரியாயிடுச்சு. அப்படித்தான் நெனச்சேன். தெனமும் காலையில எனக்குப் போன்ல பூப்படம் அனுப்புவா, வணக்கம் அப்பா, சாப்பிட்டீங்களான்னு. தீவாளிக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. நல்ல சேலை கட்டியிருந்தா. கேட்டதுக்கெல்லாம் சிரிச்சா. வீடு இப்ப குளுகுளுன்னு இருக்குதாம்மான்னு கேட்டேன். ஆமாப்பான்னா. என் பெண்சாதி மட்டும் அன்னிக்குப் பூரா மொகத்தத் தூக்கி வச்சிருந்தா. எங்கிட்ட ஒண்ணுதான் சொன்னா. வந்தது அவ இல்லங்க, அவ மாதிரி யாரோ வந்துட்டுப் போறான்னு. நான் சிடுசிடுத்தேன்.

தை மாசம் ஒரு நாளு பூப்படம் வரல. மறுநாளும் வரல. மூணாம் நாளு மாப்பிள்ள வந்தாரு. அழுதுக்கிட்டு வந்தாரு டீச்சர், பச்சப்புள்ள மாதிரி. வேலைக்குப் போயிட்டு வந்து பார்த்தா ஆளக் காணோம், ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல, நான் என்னா கொற வச்சேன் மாஸ்டர்னு என் கையப் புடிச்சிக்கிட்டாரு. நான் அவரு முதுகத் தடவிக் குடுத்தேன். சாப்பிட வச்சேன். நானே கூடப் போயி போலீஸ் ரிப்போர்ட் குடுத்தேன். கவலைப்படாதீங்க, நான் கண்டுபிடிச்சு உங்க வீட்டுல கொண்டாந்து விடறேன், இது என் பொறுப்புன்னு சொன்னேன்.

கதையிலயும் அப்படித்தான் டீச்சர். கொஞ்ச நாள்ல சூரியனுக்கு வெவரம் தெரியுது, வீட்டுல இருக்கறது நெழலுன்னு. நேரா மாமனாரு வீட்டுக்கு வாராரு. உடனே விஸ்வகர்மா லேத்த ஓட்டறாரு. பாருங்க, மக அழுதுக்கிட்டு வந்தப்ப அந்த லேத்து எங்க இருந்துச்சு? அதே பட்டறையிலதான் இருந்துச்சு. அப்ப ஓடல. மருமகன் வந்து கேட்டப்பறம்தான் ஓடுச்சு. இருபது தடவ மேடையில சொல்லியிருக்கேன், டிசைனருக்கு முதல் கேள்வி இது யாருக்குன்னு. எனக்கே அந்தக் கேள்வி வந்தப்ப, நான் மருமகனத்தான் பார்த்தேன்.

எட்டு வாரம் தேடுனேன். கோலாலம்பூர்ல அவளோட படிச்சவங்க, ஜோகூர்ல சித்தப்பா வீடு, பத்து காஜாவுல பழைய சிநேகிதி, ஒருத்தரையும் விடல. என் பெண்சாதி எதுக்கும் வாயத் தொறக்கல. கடைசியா ஒரு நாளு, அவ படத்த பேப்பர்ல போடலாம்னு எடுத்துக்கிட்டுக் கெளம்புனேன். வாசல்ல செருப்பு மாட்டறேன், காளியம்மா வந்து படத்தக் கையிலேருந்து வாங்கிக்கிட்டா. பேப்பர்ல போட வேணாங்க, அவ நல்லா இருக்கான்னா.

எங்க இருக்கான்னேன். படத்த முந்தானைக்குள்ள வச்சிக்கிட்டா. ஏண்டி எங்கிட்ட சொல்லலன்னு கத்துனேன். முப்பத்தஞ்சு வருசத்துல அவ என்னைய எதுத்துப் பேசுனது இல்ல டீச்சர். அன்னிக்கும் கத்தல. சொன்னா நீங்க கூட்டிக்கிட்டுப் போயி விட்டுடுவீங்கன்னா.

நான் செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து உட்கார்ந்தேன். நடந்ததத்தானே சொன்னா.

நாலு மாசம் கழிச்சுத்தான் என்னையக் கூட்டிக்கிட்டுப் போனா. அதுவும் தினாகிட்ட கேட்டுட்டு. கேமரன் மலையில இருந்தா. அங்க நாத்து வளக்கற பண்ணையில வேலை. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழ நீளநீளமா மேசை, மேசை பூரா முட்டைக்கோசு நாத்து, தட்டுத்தட்டா. தினா முதுக மூடி சுவெட்டர் போட்டுக்கிட்டு, குனிஞ்சு ஒவ்வொண்ணா பிரிச்சு வச்சிக்கிட்டிருந்தா. மெலிஞ்சுதான் போயிருந்தா. ஆனா கையி வேகமா ஓடுச்சு. அந்தக் கைய எனக்குத் தெரியும், சின்னப் புள்ளையில என் பென்சில வச்சு வரையறப்ப அப்படித்தான் ஓடும்.

நான் அவ பக்கத்துல போயி நின்னு, தினான்னு கூப்பிட்டேன். திரும்பல. அம்மான்னேன். திரும்பல. நாலடி தூரம்தான். சரி, கோவம், நியாயமான கோவம்னு நெனச்சிக்கிட்டேன். எங்கிட்ட பேச அவளுக்கு விருப்பம் இல்ல, அது அவ இஷ்டம்னு திரும்பி நடக்க ஆரம்பிச்சிட்டேன்.

காளியம்மா என் கையப் புடிச்சு இழுத்து, மெதுவா அந்தப் பக்கம் கொண்டுபோயி நிறுத்துனா. இந்தப் பக்கம் நின்னு கூப்பிடுங்க, வலது காது அவளுக்குக் கேக்காதுன்னா.

எப்பலேருந்துன்னு கேட்டேன்.

பையோட வந்தாளே, அதுக்கு மொத நாளு ராத்திரிலேருந்துன்னா. மாப்பிள்ள எடது கைக்காரரு டீச்சர். அறைஞ்சா வலது காதுலதான் விழும்.

அப்ப பாருங்க. காது ஜவ்வு கிழிஞ்சு மறுநாளு காலையிலதான் எங்கிட்ட வந்திருக்கா. இந்த மேசைக்கு முன்னால உட்கார்ந்திருக்கா. அடுத்து காடியில ஒண்ணரை மணி நேரம். நான் வலது பக்கம் ஸ்டேரிங் புடிச்சிருக்கேன், அவ எனக்கு எடது பக்கம். அவளுக்கு என் பக்கம் இருந்தது அந்தக் கேக்காத காது. அதனால வழி பூரா ஒடம்பையே என் பக்கமா திருப்பி, நல்ல காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டு வந்திருக்கா. அப்பன் பேச்சு எவ்வளவு ஆசையா கேக்கறா பாருன்னு நான் பூரிச்சுப் போயி இன்னும் சத்தமா பேசுனேன்.

பரவால்ல டீச்சர். டிஷ்யூ அங்க இருக்கு.

நல்லா இருக்கா இப்ப. கேமரன்லயேதான் இருக்கா, பண்ணையில கணக்கு, ஆளு எல்லாம் அவ பொறுப்புதான். மாசத்துல ரெண்டு ஞாயிறு போறோம். எடது பக்கமா நிக்கக் கத்துக்கிட்டேன். நாத்தப் பத்திப் பேசுவா, மழையப் பத்திப் பேசுவா, அம்மாவோட மூட்டுவலியப் பத்திப் பேசுவா. அந்தப் பேச்சுக்கு மட்டும் வரமாட்டா, நானும் இழுக்கல. மன்னிப்புக் கேட்டேன் ஒரு தடவ. தேத்தண்ணி ஊத்திக்கிட்டிருந்தா. ஊத்தி முடிச்சிட்டு, குடிங்கப்பான்னா.

மாப்பிள்ளையா? அதே மாதிரித்தான் இருக்காரு, சிரிச்ச மொகமா. விவாகரத்துக்கு ஒத்துக்க மாட்டேங்கறாரு. நான் கைய நீட்டுனதே இல்ல, காரணமே இல்லாம ஓடிட்டா, கொடுமை நடந்திருந்தா பெத்த அப்பங்கிட்ட சொல்லியிருக்க மாட்டாளா, அவரு எனக்கு இன்னிக்கும் மாஸ்டருதான்னு எழுதிக் குடுத்திருக்காரு. என்னைய நம்பித்தான் அவரு கேஸே நிக்குது.

அதனால தினாவோட லாயரம்மா என்னைய சாட்சிக்குக் கூப்பிட்டாங்க. போன மாசம் போயி உட்கார்ந்தேன். வந்தா, சொன்னா, நான் திருப்பி அனுப்புனேன்னு எல்லாத்தையும் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. அப்பறம் அந்த அம்மா கேட்டாங்க, அங்கிள், நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க, அன்னிக்குக் காதுப் பக்கம் வீங்கியிருந்திருக்குமே, கன்னம் செவந்திருந்திருக்குமேன்னு. டாக்டரு சீட்டு ரொம்ப நாளு கழிச்சு எடுத்ததாம். பார்த்ததா ஒரு ஆளு சொன்னா கேஸுக்கு பலமாம். நான் யோசிச்சேன். பொண்ணுக்கு இதாச்சும் செய்யணுமே. இருந்துச்சு, நான் பார்த்தேன்னு சொல்லிட்டேன். அந்த அம்மா அதையும் எழுதிக்கிட்டாங்க. எனக்கு அன்னிக்குத்தான் மனசு கொஞ்சம் லேசா இருந்துச்சு டீச்சர்.

அந்த வாக்குமூலக் கடுதாசி தினாகிட்டயும் போச்சு, படிச்சுப் பார்க்கறதுக்கு. முந்தா நாளு திரும்பி வந்துச்சு. இந்தா பாருங்க, எல்லாம் அப்படியே இருக்கு. இந்த ஒரு வரியில மட்டும் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா கோடு போட்டு அடிச்சிருக்கா. ஓரத்துல எழுதியிருக்கா பாருங்க, சின்னதா.

கண்ணாடி இல்லயா? நானே படிக்கிறேன். அப்பா அன்னிக்கு இத பார்க்கல. பார்க்கலன்னே சொல்லட்டும்.

போன் போட்டேன். உனக்காகத்தாம்மா சொன்னேன், கேஸுக்கு ஒதவும்னேன். கோவப்படல டீச்சர். பிளான்ல ஒரு அளவு தப்பா இருந்தா எடுத்துக் காட்டுவோமே, அந்த மாதிரிதான் பேசுனா. ஒதவலன்னாலும் பரவால்லப்பா, நடந்தத சொல்லுங்க போதும்னு வச்சிட்டா.

பதினேழாந்தேதி வியாழக்கிழமதானே உங்க நிகழ்ச்சி? அதான் டீச்சர். அன்னிக்குக் காலையில ஒம்போது மணிக்கு நான் ஈப்போ கோர்ட்டுல நின்னு, எம்பொண்ணு என் முன்னாடி உட்கார்ந்திருந்தா, நான் பார்க்கலன்னு சொல்லணும்.